குதிருக்குப் பின்னால் ஒரு நாவல்

எங்கள் அடுக்ககத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். மாலை நடைப்பயிற்சியில் என்னைப் பார்த்துவிட்டால் போதும், வழிமறித்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"சார், நல்லதா ஒரு படமோ, தொடரோ சொல்லுங்களேன். அம்மா, வொய்ஃப், பசங்க எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கணும். நடுவுல யாரும் சங்கடப்பட்டு எழுந்து போகக் கூடாது. பார்த்து முடிச்சா மனசுக்குக் கொஞ்சம் தெம்பாவும் இருக்கணும்!"

கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடுவார்களாம். அப்புறம் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்களாம். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று... இவருடைய கவலை ஏதோ நேற்று முளைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பத்தோடு ரசிக்க வேண்டும், அதில் நாலு நல்ல விஷயமும் இருக்க வேண்டும் என்ற இந்தத் தேடலுக்குத் தமிழ்நாட்டில் வயது கிட்டத்தட்ட நூற்றைம்பது!

1879-ம் வருடத்துக்குப் போவோம். மாயவரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்று ஒரு புத்தகம் அச்சிட்டு வெளியிடுகிறார். வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவல் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்காக நாம் மனப்பாடம் செய்தோமே, அதே புத்தகம்தான். அதற்கு முன்னால் தமிழ் வீடுகளில் கதையே இல்லையா என்றால், நிறைய இருந்தன. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை, மதனகாமராஜன் கதை... பெரிய எழுத்துப் புத்தகங்களாக வந்தவை. படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு ராகம் போட்டு வாசிப்பார். தெருவே உட்கார்ந்து கேட்கும். நல்லதங்காள் பிள்ளைகளோடு கிணற்றடிக்கு வரும் கட்டத்தில் தெருவே மூக்கைச் சிந்தும்.

முன்சீப் விரும்பியது வேறு. தமிழில் செய்யுள் ஏராளமாகக் கிடக்கிறது, உரைநடையில் படிக்க ஒன்றும் இல்லையே என்பது அவருடைய குறை. ஆகவே ஒரு கதை சொல்ல வேண்டும், அதில் வேடிக்கையும் இருக்க வேண்டும், நீதியும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தார். கதாநாயகி ஞானாம்பாள் ஆண்வேடம் போட்டுக்கொண்டு விக்கிரமபுரி என்ற ஊருக்கு ராஜாவாகிவிடுகிறாள். புருஷன்காரன் பிரதாபன் அதே ஊரில், செருப்புத் தைத்துக் கொடுத்தவனிடம் கூலியாக 'சந்தோஷம்' தருகிறேன் என்று வாய்தவறிச் சொல்லி வழக்கில் மாட்டிக்கொள்கிறான். இப்படிச் சிரித்துக்கொண்டே போகும்போது, திடீரென்று கோர்ட்டில் வக்கீல்கள் தமிழில் வாதாட வேண்டாமா என்று யாராவது ஒருவர் பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிடுவார்! வேதநாயகம் பிள்ளை பதினெட்டு வயதுப் பையனுக்காக எழுதவில்லை. பையனின் அப்பா, அம்மா, முடிந்தால் பாட்டி... எல்லோரையும் மனதில் வைத்து எழுதினார். பெண்கள் படிக்க வேண்டும் என்று 1869-லேயே தனியாகப் புத்தகம் போட்டவர் அவர்.

ஆனால் படிக்க வேண்டிய பெண்கள் எங்கே? 1901-ம் வருட மக்கள்தொகைக் கணக்கில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்தான். சரி, அந்த ஒருவருக்கு என்ன கிடைத்தது? 1893-லிருந்து 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் ராஜம் ஐயர் என்ற இளைஞர் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடர்கதை எழுதினார். ஊர் வம்பு பேசும் பெண்கள், சண்டைக்கார மைத்துனிகள், எல்லாம் அச்சு அசலாக இருக்கும். போகப் போகக் கதை வேதாந்தத்தில் போய்க் கரைந்துவிடும். அதை எழுதியவர் 26 வயதில் காலமாகிவிட்டார். இன்னும் பத்து வருடம் அவர் இருந்திருந்தால் என்று ஏங்காத தமிழ் வாசகர் கிடையாது.

அதற்குப் பிறகு வந்தது வெள்ளம்!

ஜே.ஆர். ரங்கராஜு 1908-ல் 'ராஜாம்பாள்' எழுதினார். துப்பறியும் கோவிந்தன் வந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் வந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் வந்தார், அவருடைய திகம்பர சாமியாரும் வந்தார். கொலை, ஆள்மாறாட்டம், இருட்டறை, மயக்க மருந்து, கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். பலவற்றுக்குச் சரக்கு லண்டனிலிருந்து வந்தது. ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் மர்மக் கதைகளை நம்மவர்கள் வேட்டி கட்டி, திருமண் இட்டு, தஞ்சாவூர் ஜில்லாவில் குடிவைத்துவிட்டார்கள். புத்தகங்கள் பறந்தன.

பெரியவர்கள் அலறினார்கள். "நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள்!"

ஏன் இந்த அலறல்? கொலையும் கள்ளக்காதலும் பெரிய எழுத்துக் கதைகளில் இல்லையா? அல்லி அரசாணி மாலையில் அர்ஜுனன் செய்யாத தில்லுமுல்லா? இந்த இடத்தில் ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்ற ஆராய்ச்சி நூலில் ஒரு விஷயத்தை விளக்கியிருக்கிறார். பழைய கதையை ஒருவர் உரக்கப் படித்தார், எல்லோரும் கேட்டார்கள். நாவலோ தனியாக, வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் படிக்கப்பட்டது. இதை வைத்துக்கொண்டு யோசித்தால் பெரியவர்களின் பயம் புரிகிறது. திண்ணையில் உட்கார்ந்து கேட்பவளின் முகத்தை மாமியார் பார்க்கலாம். சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் தனியாகப் படிப்பவளின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? கதையைவிட அந்தத் தனிமைதான் அவர்களை மிரட்டியது. ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து என் நண்பர் பதறுகிறாரே, அதே பதற்றம்!

இந்த நேரத்தில்தான் திருவல்லிக்கேணியில் ஒரு பெண் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். 'எழுதிக்கொண்டிருந்தாள்' என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். அவளுக்கு எழுதத் தெரியாது.

பெயர் கோதைநாயகி. 1901 டிசம்பரில் பிறந்தவள். ஒரு வயதிலேயே தாயை இழந்தாள். 1907-ல், ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை வை.மு. பார்த்தசாரதி. திருவல்லிக்கேணியில் நன்றாகப் பெயர் பெற்ற வைஷ்ணவக் குடும்பம். பள்ளிக்கூடம் என்ற பேச்சே எழவில்லை. கேள்வி ஞானம்தான். பாசுரங்கள் காதில் விழுந்தன. பாட்டு வந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, சொந்தமாகக் கற்பனை செய்து கதை சொல்வாள். அந்த வீட்டில் அதை யாரும் "வாயை மூடு" என்று அடக்கவில்லை. அதுதான் அதிசயம். கணவர் இன்னும் ஒரு படி மேலே போய், அவளை நாடகங்களுக்கு அழைத்துக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் மனைவியை நாடகத்துக்கு அழைத்துப்போவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதுக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பார்த்த நாடகங்கள் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. நாமே ஒன்று செய்தால் என்ன? கதை இருக்கிறது, வசனம் இருக்கிறது, பாட்டுகூட இருக்கிறது. கையெழுத்துதான் இல்லை. பட்டம்மாள் என்ற தோழி உதவிக்கு வந்தாள். கோதை சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினாள். இப்படிப் பிறந்ததுதான் 'இந்திர மோகனா' நாடகம். 1924-ல் அச்சில் வந்தது. பாராட்டுகளும் வந்தன. ஒரு விஷயம் பாருங்கள்: புத்தகம் போட்டுப் பெயர் வாங்கிய பிறகுதான் நூலாசிரியை ஒழுங்காக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். உலகத்தில் எல்லோரும் இந்தக் காரியத்தைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்!

அடுத்தது நாவல். முதல் நாவலின் பெயர் 'வைதேகி'. இந்த இடத்தில் கதைக்குள் யார் நுழைகிறார் தெரியுமா? வடுவூர் துரைசாமி ஐயங்கார்! துப்பறியும் நாவல்களின் மன்னர், "பெண்கள் கெட்டுப்போவார்கள்" என்று யாருடைய புத்தகங்களைக் காட்டிப் பயமுறுத்தினார்களோ, அவரேதான் இந்த அம்மாளுக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் ஒருவர். நீங்களே ஒரு பத்திரிகை நடத்துங்களேன் என்று யோசனை சொன்னார். நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற மாதப் பத்திரிகை கைக்கு வந்தது. வருடம் 1925. ஆசிரியை வை.மு. கோதைநாயகி அம்மாள், வயது 24கூட நிறையவில்லை.

ஜகன்மோகினியில் அவருடைய நாவல் மாதாமாதம் தொடராக வரும். அப்புறம் புத்தகமாகும். தொடர்கதைக்குக் காத்திருப்பது என்றால் அது ஒரு மாதக் காத்திருப்பு. இப்போது ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடு பார்த்துவிட்டுக் கண் வீங்கி ஆபீஸ் போகிறவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியாது.

அவருடைய எழுத்தில் ஒரு தனி ருசி உண்டு. பெரும்பாலும் கதை பேச்சோடு ஆரம்பிக்கும். யார் பேசுகிறார்கள், எங்கே பேசுகிறார்கள், யாரைத் திட்டுகிறார்கள் என்றெல்லாம் அப்புறம்தான் தெரியும். முன்னுரை, இயற்கை வர்ணனை என்று சுற்றி வளைக்கிற வேலையே கிடையாது. வாயால் சொல்லிப் பழகிய கதை அல்லவா! குழந்தைகள் எழுந்து ஓடிவிடாமல் பிடித்து உட்கார வைக்கிற வித்தை முதல் வரியிலேயே தெரிய வேண்டும். பேச்சும் வீட்டுப் பேச்சு. மாமியார் மாமியார் மாதிரியே பேசுவாள். படிக்கிற மருமகளுக்கு அடுத்த அறையிலிருந்து குரல் வருகிற மாதிரி இருக்கும்.

உள்ளடக்கம்? விதவையின் துன்பம், வரதட்சணை, குடி, பொருந்தாத கல்யாணம், கதர், தேசபக்தி. கடைசியில் நல்லவர்கள் ஜெயிப்பார்கள். கெட்டவர்கள் அழுவார்கள், திருந்துவார்கள். நடுவில் தற்செயலாக நடக்கிற சம்பவங்களுக்குக் கணக்கே இல்லை. ஒரே ரயில் பெட்டியில் காணாமல்போன அத்தனை பேரும் வந்து ஏறிவிடுவார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும், ரொம்ப மிகையாக இருக்காது. பாத்திரங்கள் பிரசங்கம் செய்வார்கள். இலக்கிய விமர்சகர்கள் இதையெல்லாம் சுட்டிக்காட்டி இந்த நாவல்களை ஒதுக்கினார்கள். அது நியாயமும்கூட. இன்றைக்கு எடுத்துப் படித்தால் எனக்கே இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு முறை காபி தேவைப்படுகிறது.

ஆனால் அந்தப் பிரசங்கத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். வீட்டு வாசலில் ஒரு காவல்காரர் நிற்கிறார். அப்பாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம். "என்ன அது கையில்? நாவலா?" என்று தடுக்கிறார். "இல்லை மாமா, நல்ல புத்தி சொல்கிற புத்தகம். ஒரு பெண்மணிதான் எழுதியிருக்கிறார்." காவல்காரர் புரட்டிப் பார்க்கிறார். பக்கத்துக்குப் பக்கம் நீதி. சரி, போ. அந்த நீதி ஒரு நுழைவுச்சீட்டு! அதைக் காட்டிவிட்டு உள்ளே போனது என்ன? ஒரு பெண்ணுக்கு அவள் வாழ்க்கையைப் பற்றி, இன்னொரு பெண், தனிமையில், வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லுகிற ஏற்பாடு. ஐந்தரை வயதில் மாலை மாற்றிக்கொண்ட ஒருத்தி, பொருந்தாத கல்யாணத்தைப் பற்றி எழுதுகிறாள். படிக்கிறவளுக்கும் அனேகமாக அதே வயதில்தான் கல்யாணம் ஆகியிருக்கும்.

'ஊக்கம் தரும் கதை' என்று நாம் கொஞ்சம் நக்கலாகச் சொல்கிறோமே, அந்த வகையறாவுக்கு ஒரு காலத்தில் இந்த வேலையும் இருந்தது.

நீதிக் கதையும் கடல் கடந்து வரும் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் சொல்ல வேண்டும். 1928-ல் 'ஆனந்த விகட'னை வாங்கி நடத்த ஆரம்பித்த எஸ்.எஸ். வாசன், தானே ஒரு கதை எழுதினார். 'சதி லீலாவதி'. நல்ல குடும்பத்துக்காரன் குடியால் சீரழிந்து, செய்யாத கொலையைச் செய்துவிட்டதாக நினைத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடுகிறான். பத்தினி இங்கே கஷ்டப்படுகிறாள். 1936-ல் இது படமாக வந்தது. இயக்கியவர் தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் டங்கன். எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கே., டி.எஸ். பாலையா மூன்று பேருக்கும் முதல் படம் அதுதான். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய மதுவிலக்குப் படம்.

வந்தது வம்பு. அதே சமயத்தில் 'பதிபக்தி' என்ற நாடகமும் படமாகிக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு குடிகாரன், ஒரு பத்தினி. எங்கள் கதையைத் திருடிவிட்டார்கள் என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வாசன் என்ன சொன்னார் தெரியுமா? ஐயா, இரண்டு பேருமே ஒரே இடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறோம் என்றார்! மிஸஸ் ஹென்றி வுட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1860-ல் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற நாவல். அதுவோ, ஸ்காட்லாந்தில் மதுவிலக்குக்காகப் பாடுபட்ட ஒரு சங்கம் நல்ல கதைக்கு நூறு பவுண்டு பரிசு என்று அறிவித்ததற்காக எழுதப்பட்ட கதை. அப்புறம் வழக்கு என்ன ஆகும்? பிசுபிசுத்துப்போனது. ஸ்காட்லாந்துக் குடிகாரனைத் திருத்துவதற்காகத் தயாரான மருந்து, எழுபத்தாறு வருடம் கழித்து மதுரை டாக்கீஸிலும் மாயவரம் டாக்கீஸிலும் வேலை செய்தது!

கோதைநாயகி அம்மாளுக்கு வருவோம். குடிக்கு எதிராக எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1925-ல் சென்னைக்கு வந்த காந்திஜியை, சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாளோடு சேர்ந்து சந்தித்தார். பட்டுப் புடவையும் வைர நகையுமாக இருந்தவர், கதருக்கு மாறினார். மேடை ஏறிப் பேசினார், பாடினார். 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல் என்று தெருவில் இறங்கி, சிறைக்குப் போனார். ஆறு மாதம். பத்திரிகை? கணவர் பார்த்துக்கொண்டார். நாவல்? சிறைக்குள்ளேயே எழுதினார்! மற்றவர்கள் நாவலை வீட்டுக்குள் ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, அதை எழுதுகிறவர் சிறைக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மொத்தம் 115 நாவல்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 35 வருடம் ஜகன்மோகினி நடந்தது. 'ராஜமோகன்' 1937-லும், 'அநாதைப் பெண்' 1938-லும் படமாக வந்தன. அதாவது, தமிழ்ப் படம் பேச ஆரம்பித்து ஆறேழு வருடத்துக்குள் இந்த அம்மாள் கதை கொட்டகைக்குள் போய்விட்டது.

இதற்குள் போட்டி பலமாகிவிட்டது. ஜகன்மோகினி மாதம் ஒருமுறை வந்தால், விகடன் வாரம் ஒருமுறை வந்தது. சிரிப்பு, கார்ட்டூன், குறுக்கெழுத்துப் போட்டி, கூடவே கல்கியின் தொடர்கதை. கல்கிக்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை. நல்ல விஷயத்தை நகைச்சுவையில் தோய்த்துக் கொடுக்கத் தெரிந்தவர். 1938-39-ல் 'தியாகபூமி' தொடருக்கு, தயாராகிக்கொண்டிருந்த அந்தப் படத்தின் புகைப்படங்களையே போட்டு வெளியிட்டார்கள். வாராவாரம் கதையைப் படித்த குடும்பம், 1939-ல் படம் வந்ததும் மொத்தமாகக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தது. பத்திரிகையை அப்பா முதலில் படிப்பதா, அக்கா முதலில் படிப்பதா என்று வீடுகளில் சண்டை வந்தது. நாவல் கெடுதல் என்று சொன்ன அதே அப்பா, தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு வாங்கினார். 1950-ல் 'பொன்னியின் செல்வன்' ஆரம்பித்தபோது நாவலை எதிர்த்த தலைமுறை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அந்தக் கதை 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகப் படமாக வந்தபோது, பேரப்பிள்ளைகளுக்கு யார் யார் எந்த வம்சம் என்று விளக்கிக்கொண்டு தாத்தா பாட்டிகள் தியேட்டரில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

வாசல் திறந்தாகிவிட்டது. ஆனால் முதலில் தட்டியவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

1956-ல் அம்மாளின் ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். எத்தனையோ கதாநாயகிகளுக்குக் கடைசி அத்தியாயத்தில் இழந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தவர் அவர். அந்த அடியிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. காசநோய் பற்றிக்கொண்டது. 1960 பிப்ரவரி 20-ம் தேதி காலமானார். 58 வயது.

ஆறு வருடம் கழித்து, 1966-ல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் ஒரு படம் எடுத்தார். 'சித்தி'. பத்மினி, எம்.ஆர். ராதா. தம்பியின் மருத்துவப் படிப்புச் செலவுக்காக, தன் ஆசைகளையெல்லாம் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, பிள்ளைகள் உள்ள ஒரு வயதான பணக்காரக் கஞ்சனுக்கு இரண்டாம் தாரமாகக் கழுத்தை நீட்டுகிற பெண்ணின் கதை. (1999-ல் தொலைக்காட்சியில் வந்து மாநிலத்தையே ஒன்பதரை மணிக்குக் கட்டிப்போட்ட 'சித்தி' வேறு.) மூலக்கதை வை.மு. கோதைநாயகி அம்மாளின் 'தயாநிதி' நாவல். படம் பிரமாதமாக ஓடியது. சிறந்த கதைக்கான விருது, எழுதியவர் இல்லாத நேரத்தில் வந்தது. அடுத்த வருடமே அது 'ஔரத்' என்ற பெயரில் இந்திக்குப் போயிற்று. அதை எடுத்தவர் யார் என்கிறீர்கள்? எஸ்.எஸ். வாசன். ஜகன்மோகினியை ஓரங்கட்டிய விகடனின் அதிபருக்கு, கடைசியில் ஜகன்மோகினி அம்மாளின் கதை தேவைப்பட்டது!

நண்பருக்கு நான் 'சித்தி'யைத்தான் சிபாரிசு செய்தேன். கறுப்பு வெள்ளையா என்று முகத்தைச் சுளித்தார். பசங்க பார்க்க மாட்டாங்க சார் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டுவிட்டார். பசங்கள் முதல் கால் மணி நேரம் நெளிந்தார்கள். எம்.ஆர். ராதா வந்ததும் அடங்கினார்கள். கல்லூரி போகிற பெண் மட்டும் நடுவில், "அந்தப் பொண்ணு எதுக்கு ஒத்துக்கணும்? தம்பி வேலைக்குப் போய்ப் படிக்கட்டுமே!" என்று கோபமாகக் கேட்டாள். அவள் அம்மா பதில் சொன்னாள். அதற்கு இவள் பதில் சொன்னாள். படத்தை நிறுத்திவைத்துவிட்டு அரை மணி நேரம் விவாதம் நடந்தது. நண்பர் ரிமோட்டும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார்.

டைட்டிலில் பெயரைப் படித்துவிட்டு அவருடைய அம்மா, எண்பத்தைந்தைத் தாண்டியவர், என் பக்கம் திரும்பினார்.

"இவங்க புஸ்தகம் எங்க வீட்ல இருந்துது தம்பி. ஜகன்மோகினி, அஞ்சாறு வருஷத்துது, கட்டுக்கட்டா. எங்கம்மா நெல்லுக் குதிருக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருப்பாங்க."

"யாருக்குத் தெரியாம?"

"அப்பாவுக்குத் தெரியாமதான். கண்ல பட்டா அடுப்புல போட்டுடுவேன்னு சொல்லிட்டே இருப்பார்."

"போட்டாரா?"

பாட்டி சிரித்தார்.

"எங்க போட்டார்? ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம், சிமினி விளக்கை எடுத்துண்டு அவரே குதிருக்குப் பின்னாடி போவார். எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் சொல்லிக்கல."